வெடி வேண்டாம் என்றவர்

என் மாமனார் போருக்குப் போய்த் திரும்பியவர். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே மிலிட்டரிக்காரர்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போதே ஒரு கேலிச் சிரிப்பும் கூடவே வரும். யானைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய மிலிட்டரிக்காரர் என்பார்கள்.

தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. ராகி முற்றும் நேரத்தில் யானைகள் இறங்கிவிடும். வீட்டுக்கு ஓர் ஆள் காவலுக்குப் போய் வெடி போட்டு விரட்ட வேண்டும். இவர் ராணுவத்திலிருந்து வந்து ஒரே ஒரு அறுவடைதான் ஊரில் இருந்தார். அடுத்த ராகி முளைப்பதற்குள் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டியாக நின்றுவிட்டார். "துப்பாக்கி புடிச்ச கையி, யானையப் பாத்தா ஒரு சரவெடி கொளுத்த மாட்டேங்குது" என்று பங்காளிகள் பேசினார்கள். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

அவரோடு ஒரே வீட்டில் இருப்பது சுலபம். தன் தட்டைத் தானே கழுவுவார். எனக்குக் காலை ஷிப்ட் என்றால் முதல் நாளே பூண்டு உரித்து வைத்துவிடுவார். இதை என் அம்மா நம்பவே மாட்டாள். போரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டால் மெடல்களைக் குத்திக்கொண்டு போவார், சல்யூட் அடிப்பார், மைக்கை நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிடுவார்.

தீபாவளிக்கு மற்ற செக்யூரிட்டிகள் லீவுக்கு அடித்துக்கொள்வார்கள். இவர் வலியப் போய் டியூட்டி கேட்டு வாங்குவார். எவ்வளவு நல்ல மனுஷர் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். உள்ளே தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் வெளிச்சத்தம் கேட்காது என்பது யாருக்குத் தோன்றும்?

வயதாகிவிட்டது என்று வேலையிலிருந்து நிறுத்திய பிறகு வந்த முதல் தீபாவளியில்தான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்குப் பக்கத்திலேயே மாநில எல்லை. அங்கே ரோடு நெடுகப் பட்டாசுக் கடைகள். தெருவே மூட்டை மூட்டையாக வாங்கி வந்து வெடித்துக்கொண்டிருந்தது. குளியலறையில் குழாய் திறந்தபடியே இருந்தது. லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் யாருக்கு இவ்வளவு கொழுப்பு என்று கதவைத் தட்டினேன். திறந்தது மாமா. கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்திருக்கிறார். வேட்டியெல்லாம் ஈரம். வெளியே ஒரு வெடி வெடிக்க, உடம்பு தூக்கிப்போட்டது. குழாய்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தார்.

"பிரஸ்ஸு அடிக்கிறது எப்ப வரும்னு தெரியும்மா. வெடி அப்பிடி இல்ல. டமால்னா ஒடம்பு என் பேச்சக் கேக்கறதில்ல" என்றார்.

டாக்டரிடம் போகலாம் மாமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அப்புறம் சொன்னார்: "நான் போனா எடுக்கறப்ப வெடி வெக்க வேணாம்னு சொல்லிடு. ஆனா ஏன்னு யாருக்கும் சொல்லாத. மிலிட்டரிக்காரன் பட்டாசுக்குப் பயந்தான்னு பேரு வேணாம். யானைக்குப் பயந்தான்னே இருந்துட்டுப் போவட்டும்."

சரி மாமா என்றேன். ஒன்றைச் செய்தால் இன்னொன்றைச் செய்ய முடியாது என்று அப்போது எனக்குப் புத்தியில் உறைக்கவில்லை.

போன மாசி மாதம் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உடலை ஊருக்குக் கொண்டுபோனோம். என் வீட்டுக்காரரைத் தனியாக இழுத்து, வெடி வேண்டாம் என்று மாமா சொல்லியிருக்கிறார் என்றேன்.

"ஏன் வேணாம்னாரு?"

அவர் அப்படித்தான் சொன்னார் என்று மட்டும் சொன்னேன்.

"பக்கத்து ஊருல எவன் செத்தாலும் வெடி வெக்கிறாங்க. எங்கப்பன் மிலிட்டரிக்காரன். சும்மா தூக்கிக்கினு போவச் சொல்றியா?" என்றார். பாவம், அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

நான் கத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் வாசலில் நடந்ததைப் பார்த்து என் வாய் அடைத்துவிட்டது. யானை விரட்ட வைத்திருந்த வெடிகளை வீட்டுக்கு வீடு எடுத்து வந்துகொண்டிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் அவரைக் கேலி செய்த பங்காளிகள்தான். "கவர்மெண்ட்டு துப்பாக்கி சுட்டு மரியாத பண்ணலன்னா இன்னா, நம்ம வெடி போடலாம்" என்று சின்ன மாமனார் அழுதுகொண்டே சொன்னார். அதில் துளியும் கேலி இல்லை. அந்த ஊர் அவருக்கு முதன்முதலாக மரியாதை செய்தது, அதை நிறுத்த வேண்டுமென்றால் அவர் மறைக்கச் சொன்னதை நான் கூட்டத்தில் போட்டு உடைக்க வேண்டும்.

குளிப்பாட்டி மூக்கில் பஞ்சு வைத்தபோது, காதிலும் வையுங்கள் என்றேன். வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வைத்தார்கள்.

பெண்கள் தெருமுனைக்கு மேல் போகக் கூடாது. அங்கே நின்றபடி ஒவ்வொரு வெடிக்கும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செத்தவருக்குக் காது கேட்காது என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் பாடை ஆடும்போதெல்லாம் அவர்தான் நடுங்குகிறார் என்று தோன்றியது. சுடுகாடு வரை விடாமல் வெடித்தார்கள். மலையில் பட்டு ஒவ்வொன்றும் இரண்டாகக் கேட்டது.

காரணத்தைச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்களோ, இல்லை அதையும் சொல்லிச் சிரித்திருப்பார்களோ, தெரியவில்லை. அவர் எதைப் பெரிதாக நினைத்தார் என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

காரியமெல்லாம் முடிந்து ஓசூருக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சத்தத்துல எங்கப்பன் மனசு குளுந்திருக்கும், இல்ல?"

"ஆமாங்க" என்றேன்.