மைக் கேட்ட குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். போன ஐப்பசியில் எனக்கே நடந்தது இது. அதற்குப் பிறகு அந்தக் காரை நான் எடுக்கவில்லை.

என் பெயர் ஜுல்பிகர். கள்ளக்குறிச்சியில் செல்போன் கடை. என் பழைய காருக்குப் பாட்டு செட்டை நானே செய்தேன். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு, ஒரு டச் ஸ்கிரீன், ஒரு மைக். பாட்டின் பேரைச் சொன்னால் பாடும். மைக்கில் விழும் பேச்சையெல்லாம் திரையில் எழுதியும் காட்டும்.

அன்று கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மாலை 6.40. தூறல். பக்கத்தில் மனைவி ரிஹானா. பின்சீட்டில் நாலு வயது மகள் ஹப்சா, நல்ல தூக்கத்தில். யாரும் பேசவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது.

'பாப்பா பேரு இன்னா?'

"இன்னாங்க இது?"

"மழைச் சத்தத்தத் தப்பா எழுதுது."

"மழை பேரு கேக்குமா? என்னப் பயமுறுத்த எதுனா செட் பண்ணி வச்சிகீறீங்களா?"

"எனக்கு வேற வேல இல்ல பாரு."

அவள் என்னைச் சந்தேகப்பட்டாள். நான் போர்டைச் சந்தேகப்பட்டேன்.

அடுத்த வளைவு. பின்னாலிருந்து மகளின் மெல்லிய குரல்.

"ஹப்சா..."

ரிஹானா திரும்பிப் பார்த்தாள். குழந்தையின் கண்கள் மூடித்தான் இருந்தன. திரையில் அடுத்த வரி வந்தது.

'எறங்குறியா?'

"ம்..."

டக்.

தூக்கத்திலேயே கதவின் கைப்பிடியை இழுத்திருக்கிறாள். சைல்டு லாக் இருந்ததால் திறக்கவில்லை.

"வண்டிய நிறுத்துங்க."

"மாட்டேன். நீ பின்னால போய் அவளப் புடி."

ரிஹானா சீட்டுகளுக்கு நடுவே நுழைந்து பின்னால் போனாள். நான் திரையை அணைத்தேன்.

டக்... டக்...

"அவ கையப் புடிச்சிக்கோ, ரிஹானா."

"ரெண்டு கையும் என் கையிலதாங்க கீது."

டக்...

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மலையடிவாரத்தில் கோமுகி அணை விளக்குகள் தெரிந்தபோதுதான் சத்தம் நின்றது. எட்டரைக்கு வீட்டு வாசலில் காரைப் பூட்டினேன்.

காலையில் போர்டைக் கழற்றப் போனேன். வயரை நேராக பேட்டரியில் கொடுத்திருந்ததால், சாவியை எடுத்தும் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. திரையைத் தொட்டேன்.

கடைசியாக இரண்டு வரிகள். இரவு 8.50.

'இந்த வூடுதானா?'

'ஆமா. உள்ள வா.'

அந்த நேரத்தில் நாங்கள் மூன்று பேருமே வீட்டுக்குள். ஹப்சா அடுப்படியில் என் மடியில் இருந்தாள். நான்தான் பால்சோறு ஊட்டினேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.