நான் திருகாத திருகாணி

புதுத் துப்பாக்கி கைக்கு வந்த மூன்றாவது வியாழக்கிழமைதான் அதில் ஏதோ சரியில்லை என்ற சந்தேகம் எனக்கு வந்தது. அதற்கு முந்திய இரண்டு வியாழனும் பிழை என் கையில்தான் என்று நினைத்திருந்தேன்.

அது உயிரை எடுக்கிற துப்பாக்கி அல்ல. அமுக்கிய காற்றால் ஒரு சின்ன ஈயக் குண்டைத் தள்ளும் விளையாட்டுக் கைத்துப்பாக்கி. பத்து மீற்றர் தள்ளி ஒரு அட்டை, அதன் நடுவில் கறுப்பு வட்டம். ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். நான் இருக்கும் சின்ன ஜேர்மன் ஊரில் அதற்கென்று ஒரு கழகம் உண்டு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு துணி மடிக்கும் பெண் ஒருத்தி, கழகம் எல்லோருக்கும் திறந்திருந்த ஒரு ஞாயிறன்று என்னைக் கூட்டிப்போனாள். அவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. நான் ஒவ்வொரு வியாழனும் போனேன்.

நான் அதிகம் பேசத் தெரியாதவள். எங்கள் தமிழ் ஆட்களின் விழாக்களுக்குப் போனால் யாராவது ஒருவர் "என்ன, வாயைத் திறக்க மாட்டீங்களே?" என்று கேட்பார். அதோடு இருந்த கொஞ்சப் பேச்சும் போய்விடும். சுடும் மண்டபத்தில் யாரும் பேசுவதில்லை. ஆறு பேர் வரிசையாக நிற்போம். பேசாமல் இருப்பது அங்கே ஒழுங்கு. இரண்டு மணித்தியாலம் மற்றவர்களோடு நின்றுவிட்டு வீட்டுக்கு வரும்போது, அன்றைக்கு ஆட்களோடு இருந்தேன் என்ற எண்ணம் இருக்கும். வீட்டில் நான் மட்டும்தான்.

ஒரு வருடம் கழகத்தின் பொதுத் துப்பாக்கியால் சுட்டேன். நன்றாகவே சுட்டேன். கோடைகாலத்தில் அணித் தலைவர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, என்னிடம் வந்தார். அவர் பேசியது டொச், ஜேர்மன் மொழி. எனக்குள் அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்; அதில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பெயர்.

"எங்கட அணிக்கு மூண்டாவது ஆள் வேணும். நீங்கள் நிக்கிறீங்களா?"

"நானா?"

"பின்னை ஆர், சுவரையே கேக்கிறன்? ஆனா இந்தத் துவக்கின்ரை பிடி உங்கட கைக்குப் பெரிசு. சொந்தமா ஒண்டு வாங்குங்கோ. செப்டெம்பர் முடியமுன்னம் பேர் குடுக்கவேணும்."

என்னை ஒருவர் ஓரிடத்துக்கு வேணும் என்று கேட்டு எத்தனையோ வருடம். ரயிலில் நாற்பது நிமிடம் போய், பக்கத்து நகரத்துக் கடையில் சின்னப் பிடி வைத்த புதுத் துப்பாக்கியை வாங்கினேன். கொலோனில் இருக்கும் மச்சாளுக்கு, அண்ணனின் மனைவிக்கு, தொலைபேசியில் சொன்னேன்.

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். நீ காசு குடுத்துத் துவக்கு வாங்கிறாய்!" என்று சிரித்தாள்.

அந்த வகைத் துப்பாக்கியில் விசையை இழுத்தால் முதலில் கொஞ்சம் இளக்கமாக வரும். பிறகு ஓரிடத்தில் நிற்கும். அந்த நிற்கும் இடத்தில் மூச்சை அடக்கி, குறி சரியென்றால் இன்னும் ஒரு துளி அழுத்த வேண்டும். என்னுடையதில் சிலவேளை அந்த நிற்கும் இடமே வராது. விரல் தொட்டதும் குண்டு போய்விடும். அட்டைக்குக் கீழே மரச்சட்டத்தில் ஓட்டைகள் விழுந்தன. அணித் தலைவர் வாங்கிப் பத்துத் தரம் சுட்டுப் பார்த்தார். பத்தும் கறுப்புக்குள்.

"கை புதுசுக்குப் பழகேல்லைப் போல," என்றார்.

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பூட்டிய பெட்டியோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடித்து, விசையில் அரைக் கிலோ நிறையைக் கொழுவித் தூக்கினார். விசை அந்த நிறையைத் தாங்க வேண்டும், சுடக் கூடாது, அதுதான் விதி. மூன்று தரம் தூக்கினார். மூன்று தரமும் தாங்கியது.

"பாருங்கோ, ஒரு குறையும் இல்லை. உங்களுக்குத் திருப்தி இல்லையெண்டா ஒரு கடிதம் எழுதித் தாங்கோ, செய்த கொம்பனிக்கு அனுப்பிவிடுறன்."

அந்தக் கடிதத்தை இரண்டு நாள் அகராதியை வைத்துக்கொண்டு எழுதினேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவரிடம் குறை சொல்லப் போனால், முதலில் கொஞ்சக் குறையை எங்கள் மேலேயே போட்டுக்கொள்வோம். கேட்பவர் "சீச்சீ, உங்களில் என்ன பிழை" என்று சொல்லி அதை எடுத்துவிடுவார். பிறகுதான் பேச்சு தொடங்கும். நான் பழகிய முறை அது. அதனால் இப்படித் தொடங்கினேன்: தொந்தரவுக்கு மன்னிக்கவும், ஒருவேளை விசைக்குரிய திருகாணியை நானே அறியாமல் திருகியிருக்கலாம், இருந்தாலும் ஒருதரம் பார்த்துத் தந்தால் நன்றியாக இருப்பேன்.

நான் எந்தத் திருகாணியையும் தொடவில்லை.

துப்பாக்கி போனது. வியாழன் வந்தது. வெறும் கையோடு போய் என்ன செய்வது என்று வீட்டில் இருந்துவிட்டேன். அடுத்த வியாழனும் அப்படியே. அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு இஸ்திரிப் பெட்டியால் துணி மினுக்கினேன், சமைத்தேன், பிறகு மினுக்கவும் ஒன்றும் இருக்கவில்லை. திருத்தியது செப்டெம்பருக்குள் வந்தால் போதும், பெயர் கொடுக்கலாம் என்று நாட்காட்டியைப் பார்த்தபடி இருந்தேன்.

ஐந்தாவது வாரம் பதில் வந்தது. பரிசோதித்தார்களாம். விசையின் திருகாணியைத் தானே மாற்றியதாக வாடிக்கையாளர் எழுத்தில் கூறியிருக்கிறார், ஆகவே உத்தரவாதம் பொருந்தாது. துப்பாக்கி கடைக்குத் திருப்பி அனுப்பப்பட்டுள்ளது.

கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். கடைக்காரரிடம் கதையுங்கோ என்று ஒரு பெண் மிக அன்பாகச் சொன்னாள். கடைக்கு எடுத்தேன். கொம்பனி முடிவு சொல்லிவிட்டதே, நான் என்ன செய்ய ஏலும் என்றார் அவர். இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மச்சாளுக்கு நான் எழுதிய கடிதத்தையும் வந்த பதிலையும் தொலைபேசியில் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"விசரி! நீயே குற்றத்தை ஒத்துக்கொண்டெல்லோ எழுதிக் குடுத்திருக்கிறாய்!"

"அது மரியாதைக்கு எழுதினது, மச்சாள்."

"மரியாதையோ? டொச்காரன் உன்ரை மரியாதையை ஃபைலிலை போட்டு வைப்பான். வித்த கடைக்காரன்தான் முதல் வருசம் பொறுப்பு. போய் நேரை சொல்லு, நான் திருகேல்லை எண்டு."

"எனக்கு ஏலாது."

"ஏலாட்டி அதை வித்துப்போட்டுக் கோயிலுக்கு வா. இஞ்சை வடை சுட ஆள் காணாது."

சிரித்தேன். வைத்த பிறகு வீடு முன்னையிலும் அமைதியாக இருந்தது.

சனிக்கிழமை ரயிலில் நாற்பது நிமிடமும் ஒரே வசனத்தை மனதுக்குள் டொச்சில் சொல்லிக்கொண்டு போனேன். கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். என் முறை வந்தது.

"நான் திருகேல்லை," என்றேன்.

"ஆனா நீங்களே எழுதியிருக்கிறீங்கள்."

"எழுதினது பிழை. நான் திருகேல்லை." பெட்டியோடு வந்த சின்னச் சாவியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். திருகாணிக்கு அந்தச் சாவிதான் வேண்டும். அதன் பிளாஸ்ரிக் உறை இன்னும் ஒட்டியபடியே இருந்தது.

அவர் உறையைப் புரட்டிப் பார்த்தார். "அப்ப ஏன் திருகினது எண்டு எழுதினீங்கள்?"

அதை விளங்கப்படுத்த என்னிடம் டொச் இருக்கவில்லை. "அந்த நிறையைத் திரும்பக் கொழுவுங்கோ," என்றேன்.

"அண்டைக்கே மூண்டு தரம் பாத்தனாங்களே."

"முப்பது தரம் பாருங்கோ."

நான் இப்படி ஒருவரிடம் கேட்டதில்லை. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவர் உதட்டைச் சுழித்துக்கொண்டு தொடங்கினார். நான் மனதுக்குள் தமிழில் எண்ணினேன். பத்து வரை தாங்கியது. பதினைந்து. எனக்கே நம்பிக்கை போகத் தொடங்கியது, என் கைதானோ என்று. பதினேழாவது தரம் 'டக்' என்று விசை விழுந்தது.

அவர் நிறையைத் திரும்பக் கொழுவினார். இருபத்துநாலில் மறுபடியும் விழுந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது எங்கட பொறுப்பு. வேறை ஒண்டு எடுத்துத் தாறன். மூண்டு கிழமை செல்லும்."

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இல்லை, எதிர்பார்த்தேன்.

அது ஒக்டோபரில்தான் வந்தது. வந்த கிழமையே கழகத்துக்குப் போனேன். அறிவித்தல் பலகையில் அணியின் பட்டியல் குத்தியிருந்தது. மூன்றாவது பெயர் ஒரு புதுப் பெண்ணுடையது.

அணித் தலைவர் என்னைக் கண்டு எழுந்து வந்தார். "நீங்கள் விட்டுப்போட்டீங்கள் எண்டு நினைச்சம்."

"துவக்கிலை பிழை இருந்தது. திருத்தப் போயிருந்தது."

"அதுக்கேன் நீங்கள் வரேல்லை? கழகத் துவக்கு அலுமாரிக்குள்ளை சும்மாதானே கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"ஓம்," என்றேன்.

அது உண்மை. கேட்டிருக்கலாம். எட்டுக் கிழமையில் ஒருதரம்கூட அது எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் கொடுப்பார்கள் என்று நினைக்காமல் இருந்தேனா, கேட்காமலே யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை. என் தொலைபேசி இலக்கம் அவரிடமும் இருந்தது.

வரிசையின் கடைசி இடத்தில் நின்று நாற்பது குண்டு சுட்டேன். ஒவ்வொரு தரமும் விசை அந்த இடத்தில் நின்றது. நான் அழுத்தியபோது மட்டும் போனது. இரண்டு குண்டு வெளியே போயின. அவை என் கைப் பிழை.

துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு அணித் தலைவரிடம் போய், "அடுத்த பட்டியலிலை என்ரை பேரையும் போடுங்கோ," என்றேன்.

"அதுக்கு இன்னும் எவ்வளவோ மாதம் கிடக்கு," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, பாப்பம்," என்றார்.

பக்கத்து அறையில் மற்றவர்கள் பியர் போத்தல்களோடு உட்கார்ந்து, புதுப் பெண்ணின் முதல் போட்டியைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். யாரும் கூப்பிடவும் இல்லை. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். என் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. தரிப்பிடத்துக்குப் போய் நின்றேன்.