பேரணாம்பட்டு சாலையில் ஒரு நில அதிர்வு

காலை ஏழு மணி. சாலையில் ஜனங்கள் கூடி நிற்பதால் பேரணாம்பட்டு போகும் எங்கள் பேருந்து நிற்கிறது. நிலம் அதிர்ந்ததாம், ஓடும் வண்டியில் எங்களுக்குத் தெரியவில்லை. சாலையோர வீடொன்றின் சுவர் கூரையிலிருந்து சன்னல்வரை பிளந்திருக்கிறது. ஷூ கம்பெனிச் சீருடையில் ஒரு பெண், நடக்க முடியாத கணவரைக் கட்டிலோடு வாசலுக்கு இழுத்து வந்திருக்கிறாள்.

இறங்கி அருகே போகிறேன். நான் பள்ளியில் புவியியல் நடத்துபவன் என்று சொன்னதும், வீட்டுக்குப் பின்னால் தெரியும் மலையைக் காட்டிக் கேட்கிறாள்: “மலைக்குள்ள நெருப்பு இருக்குதா சார்? வெடிச்சிடுமா?”

“இது எரிமலை இல்லம்மா. பூமிக்குக் கீழ பாறையில பழைய விரிசல் இருக்கும். அழுத்தம் சேர்ந்துக்கிட்டே போய், தாங்காம பாறை சட்டுனு நகரும். அதான் இந்த ஆட்டம்.”

“மறுபடி வருமா?”

“வரலாம். எப்போன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“அப்ப இவர உள்ள படுக்க வச்சிட்டு வேலைக்குப் போலாமா?”

பிளந்த சுவரைப் பார்க்கிறேன். “வேணாம்மா” என்கிறேன்.

கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. “நீ போ, நான் இருந்துக்கிறேன்” என்கிறார் கணவர். அவள் பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் உட்காருகிறாள்.