துவாரபாலகர் மூக்கில் சிவப்பு அம்பு

நாற்பத்தொன்பது வயதில் எவனாவது இன்டர்ன்ஷிப் போவானா? நான் போனேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் மீசை நரைத்தவன் நான். அஞ்சல் வழியில் வரலாறு எம்.ஏ. படிக்கிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. கோடையில் ஒரு மாதம் ஏதாவது அருங்காட்சியகத்தில் வேலை பழகி, சான்றிதழ் வாங்கி வந்தால்தான் பட்டம். சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"ஒரு வாரம் தாங்க மாட்டீங்க," என்றாள் மனைவி. "எதையாவது ஒடச்சிட்டு வந்து நிக்கப் போறீங்க."

"அங்க எல்லாமே ஒடஞ்சதுதான். புதுசா ஒடைக்க இன்னா இருக்குது?"

அருங்காட்சியகம் வேலூரில் இருந்தது. எது என்று சொல்லமாட்டேன். நான் இன்னும் அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருக்கிறது. கூட வந்த இன்டர்ன்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். என்னை 'அங்கிள்' என்றார்கள். வாட்ச்மேன் மட்டும் என் தொப்பையைப் பார்த்துவிட்டு யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து தினமும் சல்யூட் அடித்தார். நானும் திருத்தவில்லை.

பொறுப்பில் இருந்த மேடம் கணியம்பாடிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கும். இரண்டாவது வாரம் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து ஆபீசர் வர்றாரு. சிற்பக் கூடத்துல எதெது டேமேஜ்னு பாத்து மார்க் பண்ணி வைங்க."

மார்க் பண்ணு! காதில் தேன் பாய்ந்தது. அந்த மாதத்தில் முதன்முறையாக எனக்குத் தெரிந்த வேலை. எங்கள் கம்பெனியில் மார்க் பண்ணுவது என்றால் ஒன்றே ஒன்றுதான்: குறை எங்கே இருக்கிறதோ அங்கே சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. தையல் விட்டிருந்தால் ஒரு அம்பு, தோலில் கீறல் இருந்தால் ஒரு அம்பு. அந்த ஸ்டிக்கர் சுருள் இல்லாமல் நான் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. பையில்தான் இருந்தது.

சாயங்காலம் கூடத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து இறங்கினேன். துவாரபாலகருக்கு மூக்கு நுனி போயிருந்தது, ஒரு அம்பு. நந்திக்கு ஒரு காது இல்லை, ஒரு அம்பு. தலையே இல்லாத ஒரு சிலை. இல்லாத தலையை எப்படிக் காட்டுவது? யோசித்து, கழுத்தில் மேல்நோக்கி ஒட்டினேன். நடுகல் வீரன்தான் என்னைக் குழப்பினான். அவன் மார்பில் ஏற்கெனவே கல்லிலேயே அம்பு தைத்திருந்தது. இது குறையா, டிசைனா? டிசைன் என்று முடிவு செய்து பாஸ் பண்ணிவிட்டேன். ஆனால் முழங்காலில் ஒரு பொத்தல் இருந்தது. அதை விடவில்லை.

மறுநாள் காலை மேடம் கேட்டார், "மார்க் பண்ணிட்டீங்களா சார்?"

"ஹண்ட்ரட் பர்சன்ட் செக்கிங் மேடம். ஒண்ணு தப்பாது."

கூடத்தைத் திறந்தார். சிலைகளுக்கெல்லாம் அம்மை போட்டதுபோல் சிவப்பு. மேடத்தின் குரல் தரைக்கு இறங்கியது.

"இன்னா சார் இது?"

"மார்க்..."

"பேப்பர்ல சார். பேப்பர்ல. பென்சில்ல." துவாரபாலகரின் மூக்கையே பார்த்தார். "பசை கறை நின்னுச்சின்னா நான் இன்னா பதில் சொல்றது? ஆபீசர் வர்றதுக்குள்ள இது போகணும். நகத்தால சுரண்டக்கூடாது, கெமிக்கல் தொடக்கூடாது. போகலன்னா, சார், நீங்க இன்னியோட வீட்டுக்குப் போய்டுங்க."

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் வாய் ஓடும், அப்புறம் வயிறு ஓடும். அன்று இரண்டும் சேர்ந்து ஓடின. பட்டம் போச்சு. மனைவி வாசலில் நின்று சிரிப்பாள். அது மட்டுமா? கல்லுக்குச் சேதம் என்று கேஸ் போட்டால்? வேலூரில் ஜெயில் வேறு இருக்கிறது, ஷேர் ஆட்டோவில் போய்விடும் தூரம். வழியில் மயங்கி விழுந்தாலும் பெரிய ஆஸ்பத்திரி பக்கம்தான். இவ்வளவு வசதியான ஊரில் மாட்டிக்கொண்டோமே என்று கழிவறையில் உட்கார்ந்தபடியே கம்பெனி தோஸ்த்துக்குப் போன் போட்டேன். ஸ்டோர் ரூம் பார்ப்பவர் அவர்.

"பாய், நம்ம அம்பு ஸ்டிக்கர் இருக்குதே, அதுல பசை ஜாஸ்தியா கம்மியா?"

"ஏன்யா, லீவுல இருக்கும்போதும் கம்ப்ளெயின்ட்டா?"

"பாய், பேஜார் பண்ணாதே. செல மேல ஒட்டிட்டேன்."

மறுமுனையிலிருந்து இருமலும் சிரிப்புமாக வந்தது. "அல்லா! எந்தச் செலையில?"

"எல்லாத்துலயும்."

"பயப்படாதே. அந்த ஸ்டிக்கர் பாலிஷ் போட்ட ஷூவுலயே நிக்கல, கண்டிசன் இல்லாத சரக்குன்னு நீதானே எங்கிட்ட தெனமும் சண்ட போட்டே? கல்லு மேல தூசியில எங்க நிக்கும்? ஃபேனப் போடு, போய்டும்."

ஓடிப்போய் பெரிய நிற்கும் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். அந்த மலிவுப் பசை, என் வாழ்நாள் எதிரி, அன்றைக்குக் கைகொடுத்தது. அம்புகள் படபடத்தன, உதிர்ந்தன, கூடமெங்கும் பறந்தன. கல்லில் ஒரு கறை இல்லை. பிள்ளைகள் "அங்கிள், இங்க ஒண்ணு! அங்கிள், நந்தி அடியில!" என்று குதித்துக் குதித்துப் பொறுக்கினார்கள். மேடம்கூட ஒன்றைப் பிடித்தார்.

அப்போது ஆபீசர் உள்ளே வந்துவிட்டார்.

எல்லாரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். அவர் நடந்தார். வலது காலைத் தூக்கும்போதெல்லாம் குதிகால் ஓரத்தில் ஒரு சிவப்பு மினுக்கியது. கடைசி அம்பு! யோசிக்கும் பழக்கம் எனக்கு இருந்தால் யோசித்திருப்பேன். அப்படியே குனிந்து அவர் காலைப் பிடித்துவிட்டேன்.

"ஐயையோ, எழுந்திருங்க பெரியவரே! கால்ல விழறதெல்லாம் எனக்குப் புடிக்காது."

அவருக்கும் என் வயதுதான் இருக்கும். பெரியவராம்.

"விழல சார்," என்றேன் தரையிலிருந்து. "செக்கிங்."

"இன்னா செக்கிங்?"

ஸ்டிக்கரை உருவி உள்ளங்கையில் மறைத்தேன். அது ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தேன். அட! "சார், இங்க சோல் வாய் பொளந்திருக்கு. மழ பேஞ்சா தண்ணி குடிக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். "போன மாசம்தான்யா ஆம்பூர்ல வாங்கினேன்!"

அடியில் இருந்த முத்திரையைப் படித்தேன். எங்கள் கம்பெனி. செக்கிங் நான். ஒண்ணு தப்பாது என்றவன் நான்.

"இந்தக் கம்பெனிய நான் கேள்விப்பட்டதே இல்ல சார்," என்றேன்.

ஆபீசர் மேடத்தைப் பார்த்தார். "யாரும்மா இவரு?"

மேடம் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் ஜெயில் வரைக்கும் போய் வந்தேன். "நம்ம இன்டர்ன் சார். டேமேஜ் கண்டுபிடிக்கிறதுல கெட்டி."

மிச்ச நாட்கள் பேப்பரும் பென்சிலுமாக ஓடின. பென்சில்கூட மேடம்தான் சீவித் தந்தார், கூராக வேண்டாம் என்று. கடைசி நாள் சான்றிதழை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். என் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். கை தானாகப் பைக்குள் போனது.

"சார்," என்றார் மேடம். குரல் இறங்கியிருந்தது.

வெறும் கையை வெளியே எடுத்துக் கும்பிடு போட்டேன்.