பக்கத்து வீட்டுக்கு ஒரு கேக்

திருப்பதிக்கு நாங்கள் குடிவந்த மூன்றாவது வருடம், வீட்டிலேயே கேக் செய்து விற்க ஆரம்பித்தேன். என் கணவருக்கு ஸ்ரீசிட்டியில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பொழுது போகாமல் ஒருநாள் முட்டையில்லாத கேக் ஒன்று செய்து மாடி வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் இன்னொன்று கேட்டார்கள். அப்படித்தான் கடை இல்லாத கடைக்காரி ஆனேன்.

செய்வதில் சிரமம் இல்லை, அனுப்புவதில்தான். கூரியர் கடைக்காரர் என் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஊறுகா இருந்தா குடுங்கம்மா. இது போய்ச் சேரும்போது பாயசமாயிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊருக்குள் என்றால் ஆட்டோவில் அனுப்பலாம். புத்தூர், சித்தூர் என்று யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லிவிட்டு, அன்று முழுவதும் எரிச்சலாக இருப்பேன்.

கேக் செய்கிற பெண்களின் வாட்ஸப் குழுவில்தான் அந்த ஆப் பற்றித் தெரிந்தது. அதில் டெலிவரிக்கென்று தனி ஆட்கள் கிடையாது. தன் வேலையாக அந்தப் பக்கம் போகிறவர் யாராக இருந்தாலும் பதிவு செய்துகொள்ளலாம். நாம் பார்சலைப் போட்டால், அந்த வழியாகப் போகும் யாராவது ஒருவர் ஒத்துக்கொண்டு வந்து எடுத்துப்போவார். வாங்குகிறவரின் போனுக்கு ஓர் ஓடிபி வரும். அதைக் கேட்டு வாங்கி ஆப்பில் போட்டால்தான் அவர் வேலை முடியும்.

முன்பின் தெரியாதவரிடம் இரண்டு கிலோ க்ரீமைக் கொடுத்தனுப்ப முதலில் பயமாகத்தான் இருந்தது. ஏர்பேடு வரை போன ஒரு கல்லூரி ஆசிரியை, என் பெட்டியை முன்சீட்டில் உட்கார வைத்து அதற்கு சீட் பெல்ட் மாட்டினார். அதைப் பார்த்த பிறகு பயம் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் புத்தூரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கேக் வேண்டும், மேலே கல்யாணப் போட்டோ இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு டீச்சரின் பெயரையும் விலாசத்தையும் கொடுத்து, "அங்க எறக்கிடச் சொல்லு. நம்பர் மட்டும் என்னுது போடு" என்றார்.

சர்க்கரைத் தாளில் அச்சடித்த அந்தப் போட்டோவை ஒட்டுவதற்குள் எனக்கு ஒரு காலை முழுவதும் போயிற்று. மாப்பிள்ளைக்குச் சுருட்டை முடி, அடர்ந்த மீசை. காதுகள் இரண்டும் திறந்து வைத்த ஜன்னல் கதவு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இடது காதில் ஒரு குமிழி வந்துவிட்டது. ஊசியால் குத்தி எடுத்தேன்.

மாலை நான்கு மணிக்கு ஆப்பில் ஒருவர் ஒத்துக்கொண்டார். பழைய வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும், தலையில் முடியே இல்லை. ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராம்.

"தெனமும் வண்டி காலியாத்தான் போய்க்கினு இருக்குதும்மா. அதான் இதுல சேந்தேன். வூட்ல சொல்லல. இந்த வயசுல பார்சல் தூக்கறியான்னு திட்டுவா" என்றவர், போனைப் பார்த்துச் சிரித்தார். "இந்த அட்ரஸ் எங்க பக்கத்து வூடு! நம்ம டீச்சரம்மாவுக்குத்தான் வந்துகீது."

அவர் முகத்தைப் பார்க்காமல் காதுகளைப் பார்த்தேன். அதே காதுகள்தான்.

என் பெட்டிக்கு மூடியில் கண்ணாடித்தாள் வைத்த ஜன்னல் உண்டு. அதற்குள்ளிருந்து அவரே, சுருட்டை முடியோடு, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் சார், டேப் சரியா ஒட்டல" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். தெலுங்கு பேப்பரை எடுத்து நாலாபக்கமும் சுற்றி ஒட்டிக்கொண்டே அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அய்யய்யோ, அவரா!" என்று கத்தியவர், உடனே குரலைத் தாழ்த்தினார். "ஓவர்டைம்னு இல்ல சொல்லிக்கினு இருந்தாரு? சரி, குடுத்தனுப்பு. வேற யார நம்பி அனுப்பறது?"

கொடுத்தேன். அவர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, "பேப்பர்லாம் சுத்திக்கீதே, பொறந்த நாளா?" என்று கேட்டார். "தெரியாது சார்" என்றேன். செய்த கேக் எதற்கென்று தெரியாத ஒருத்தியை அவர் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

வடமாலப்பேட்டை தாண்டியதும் போன் வந்தது. "ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்கிச்சும்மா. தெறந்து பாத்துடவா?"

"தெறக்காதீங்க சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த அம்மா மறுநாள் போனில் சொன்னார். ஒழுங்காகத்தான் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். ஆனால் டீச்சரிடம் ஓடிபி இல்லை. அது வந்திருந்தது பக்கத்து வீட்டு அடுப்படியில் இருந்த போனுக்கு. இவர் டீச்சர் வீட்டு வாசலில் நின்றபடி ஆப் வழியாகக் கூப்பிட, சுவருக்கு இந்தப் பக்கம் மனைவியின் போன் அடித்திருக்கிறது. ஆப்பில் யார் நம்பரும் யாருக்கும் தெரியாது. அந்த அம்மா போனோடு பாத்ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, குரலை மெலிதாக்கித் தெலுங்கில் "ஹலோ" என்றிருக்கிறார்.

"மேடம், நமஸ்காரம் மேடம். கொஞ்சம் ஓடிபி செப்பண்டி மேடம், ப்ளீஸ்" என்றாராம் இவர்.

"இருவத்தஞ்சு வருஷத்துல எனக்கு ஒரு நமஸ்காரம் வெச்சதில்லம்மா அந்த மனுஷன்!" என்று அந்த அம்மா சொன்னபோது அவருக்குச் சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "நானும் வுடல. தெலுங்குலயே நம்பர் சொன்னேன். நாலுகுன்னேன். அப்புறம் நிறுத்திக்கினேன். சரிங்க மேடம்னாரு. ஏடுன்னேன். தேங்க்ஸ் மேடம்னாரு. முழுசா சொல்ல அஞ்சு நிமிஷம் ஆச்சு."

இரவு கேக்கைத் திறந்ததும் அவர் தன் சுருட்டை முடியைத்தான் முதலில் பார்த்தாராம். தான் தூக்கிவந்தது தன் முகத்தையே என்று புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். பார்சல் விஷயத்துக்குத் திட்டு விழவில்லை. வெட்டிய முதல் துண்டை டீச்சருக்குக் கொடுத்துவிட்டு வந்து, இரண்டு துண்டு தின்றாராம்.

இரண்டு வாரம் கழித்து, நாராயணவனத்துக்குப் போக வேண்டிய ஒரு பார்சலை எடுக்க அதே வெள்ளைக் கார் வந்தது. "கேக் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றவர், வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்குப் போன்ல பேசினது அவதான்னு எனக்குத் தெரியும்."

"எப்படி சார்? குரல் வெச்சா?"

"குரல்லாம் நல்லாத்தான் மாத்தியிருந்தா. பின்னால கொழா சொட்டற சத்தம் கேட்டுது. எங்க வூட்டு பாத்ரூம் கொழா. ஒரு மாசமா ரிப்பேர் பண்ணு, ரிப்பேர் பண்ணுன்னு உசுர வாங்கிக்கினு இருந்தா."

"தெரிஞ்சும் ஏன் சார் மேடம் மேடம்னு பேசினீங்க?"

அவர் சொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "மொதல்ல பழக்கத்துல வந்துடுச்சு. அப்புறம் அவ சிரிப்ப அடக்கறது கேட்டுது. நிறுத்த மனசு வரல."

"இப்ப கொழா சரி பண்ணிட்டீங்களா?"

"எப்படிப் பண்றது? பண்ணா, அன்னிக்கு எனக்குக் கேட்டுடுச்சுன்னு கண்டுபுடிச்சிடுவா இல்ல?" என்று சொல்லிவிட்டு, பெட்டியை முன்சீட்டில் வைத்தார். கிளம்பும் முன், இதில் யார் போட்டோ இருக்கிறது என்று கேட்டார்.

"வெறும் பிஸ்கட்தான் சார்" என்றேன். நம்பாமல் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.