அப்பாவுக்குப் போட்ட கோட்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். நாவற்குடாவில் அந்த டிசைனர் தம்பியின் முன்னறையில் நின்றபோது இரண்டு காதும் எரிந்தன. கொம்பியூட்டர் திரையில் யாரோ ஒரு கனவான் கோட்டும் டையுமாக, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்துக்கு மேலே மட்டும் என் அப்பா.

அப்பா இறந்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் என்று ஒரு சிறு புத்தகம் அடிக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் கறி குறைந்தால்கூட மன்னிப்பார்கள், மலர் இல்லாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். வீட்டிலிருந்தே மலர் வடிவமைத்துக் கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டுத்தான் இந்தத் தம்பியைப் பிடித்தேன். முன்பக்கத்தில் வரும் படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு, செட்டிபாளையத்தில் அம்மாவின் வீட்டில் மாட்டுவதாக இருந்தோம். அம்மா இனி அந்தப் படத்தோடுதான் தனியே இருக்க வேண்டும். அதனால் தேடித் தேடி எடுத்த ஒரு படத்தைக் கொடுத்திருந்தேன். வாவிக்கரையில் தோணியில் சாய்ந்தபடி, வெறும் மேலில் ஒரு துவாயும் மடித்துக் கட்டிய சாறனுமாய், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற அப்பா.

அந்தப் படத்துக்குத்தான் இந்தக் கதி. வாவியைத் துடைத்துவிட்டு எந்த நாட்டிலோ கொட்டுகிற ஒரு நீர்வீழ்ச்சியை வைத்திருந்தான். தலைக்கு மேலே வெள்ளைப் புறாக்கள். காலமெல்லாம் வெயிலில் வலை வீசிக் கறுத்த முகத்தில் மா அப்பியதுபோல ஒரு வெள்ளை. ஒரு சுருக்கம் மிச்சமில்லை.

"தம்பி, இது ஆர்?"

"அப்பாதானே அக்கா. வடிவா வந்திரிக்கு."

"கோட் போடச் சொல்லி நான் கேட்டனா?"

"எல்லாரும் இப்பிடித்தான் அக்கா கேக்கிறவங்க. சட்டை இல்லாத படத்த மலரில ஆர் போடுற? மறுகா சனம் என்ன சொல்லும்?"

சனம்! செத்தது என் அப்பா, அழுதது என் அம்மா, நாங்கள் பயப்பட வேண்டியது மட்டும் சனத்துக்கு.

இந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னான்: "போன மாசம் களுதாவளையில மோசம் போன ஒராளுக்கு மலர் செஞ்சனான். அந்தப் படம் நல்ல தெளிவு. அளவும் சரியாப் பொருந்திட்டு."

அளவு பொருந்திவிட்டதாம்! உயிரோடு இருந்தபோது அடுத்தவர் சட்டையை ஒரு நாள் வாங்கிப் போடாத மனிதரின் தலையை, செத்துப்போன இன்னொருவரின் கழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். அவருடைய பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பானா? நான் கத்திய கத்தில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. அவன் தன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினான். அதில் லண்டனில் இருக்கும் என் அண்ணனின் குரல். எனக்குத் தெரியாமல் அவனுக்கு நேரே வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

"தம்பி, அப்பாவுக்கு ஒரு கோட் போட்டு விடுங்க. ஆளையும் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்க. இஞ்ச என்னோட வேலை செய்யிற ஆக்களும் பாப்பாங்க."

அந்தக் கறுத்த உடம்பு பிடித்து வந்த மீனில்தான் அண்ணன் படித்தார், விமானம் ஏறினார். இப்போது அது நாலு பேருக்குக் காட்ட ஆகாத உடம்பாகிவிட்டது. அந்தப் பக்கத்தை ஒரு தாளில் அச்செடுத்து வாங்கிக்கொண்டு நேரே செட்டிபாளையத்துக்குப் போனேன். வீட்டு வாசலிலேயே நின்று அண்ணனை வீடியோவில் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினேன்.

"நீ சும்மா கத்தாத. அம்மாக்கிட்டக் காட்டு. அவவே சொல்லட்டும்" என்றார். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை. எனக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. பிடித்திருக்கிறது என்று அம்மா சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய?

அம்மா தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு அவருடைய விரல் மடியில் கோத்திருந்த அந்தக் கைகளில் போய் நின்றது.

"முகம் அவர மாதிரித்தான் கிடக்கு" என்றார், போனில் இருந்த அண்ணனைப் பார்த்து. "ஆனா இந்தக் கைய நான் ஒருநாளும் பிடிச்சதில்ல, மகன்."

போனில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தத் தோணிப் படத்தையே போடச் சொல்லு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. களுதாவளையில் செத்த யாரோ ஒருவரின் உடம்பை வெட்டி ஒட்டிய கதையை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே தாளைப் பறித்துக் கிழிக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிச்சுப் போடாத, புள்ள. அவரும் ஆரோ ஒருத்திர புருசன்தானே."