வாய்க்காலில் அலசிய லென்ஸ்

என் தங்கைக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தடித்த கண்ணாடி. கும்பகோணத்தில் வேலை கிடைத்ததும் அவள் தனக்கென்று முதலில் வாங்கிக்கொண்டது கான்டாக்ட் லென்ஸ்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே அதைத் தொடுவாள். கழற்றியதும் அதற்குரிய மருந்துநீரை விட்டுத் தேய்த்து அலசி, டப்பியில் புதுமருந்து ஊற்றி வைப்பாள். கண்ணில் போட்டுக்கொண்டு தூங்கியதே இல்லை. அந்த டப்பியை அம்மா எடுத்தால்கூடக் கோபம் வரும்.

வலங்கைமான் பக்கத்தில் எங்களுக்கு ஒரு துண்டு வயல். அப்பா பண்ணையாளாகக் கிடந்து உழைத்த மண். அவர் தலைமுறை போராடிப் பட்டா வாங்கியது. அதன் குறுக்கே எரிவாயுக் குழாய் பதிக்க வந்தபோது சம்பாவில் கதிர் வெளிவந்திருந்தது. அறுப்பு முடியட்டும் என்று ஊரே கேட்டுப் பார்த்தது. பயனில்லை. பொக்லைன் வரப்பை உடைத்துக்கொண்டு இறங்கியது.

தங்கை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். பெண்களெல்லாம் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். போலீஸ் இழுத்ததில் அவள் வயலில் குப்புற விழுந்தாள். எழுந்தபோது வலது கண்ணின் லென்ஸ் கன்னத்துச் சேற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வாய்க்கால் தண்ணீரில் அலசிக் கண்ணில் வைத்துக்கொண்டு, மறுபடியும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு எங்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் விட்டார்கள்.

சில நாளில் கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்றார்கள். மருந்துக்கடையில் சொட்டுமருந்து வாங்கி விட்டோம். கேட்கவில்லை, வலி ஏறிக்கொண்டே போனது. வெளிச்சம் பட்டாலே துடித்தாள். ஜன்னலில் புடவையைக் கட்டி இருட்டாக்கினோம். பிறகு நான் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனேன்.

டாக்டரம்மா கருவியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, லென்ஸில் தண்ணீர் பட்டதா என்று கேட்டார். தங்கை நடந்ததைச் சொன்னாள்.

"குழாத் தண்ணியே ஆகாதும்மா. தண்ணியில இருக்கிற கிருமி லென்ஸுல ஒட்டிக்கிட்டு கருவிழியைத் தின்னும். கீழ விழுந்த லென்ஸைத் தூக்கிப் போட்டிருக்கணும்."

"தெரியும் டாக்டர்" என்றாள் தங்கை. "அந்த நேரத்துல எனக்குக் கண்ணு தெரியணும்ங்க. எதிர்ல யார் நிக்கிறாங்கன்னே தெரியாம எப்படி உக்கார்றது?"

டாக்டரம்மா மருந்தை எழுதி, மணிக்கொரு தரம் விடச் சொன்னார். மாதக்கணக்கில் விட்டோம். தூக்கத்தில் எழுப்பி மருந்து விடும்போதெல்லாம் குழந்தைபோல் என் கையைத் தள்ளுவாள். கிருமி அடங்கியது. ஆனால் கருவிழியில் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு இப்போது ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. கருவிழி மாற்று சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறாள். மறுபடி கண்ணாடிதான் போடுகிறாள்.

குழாயைப் பதித்து மண்ணை மூடிவிட்டார்கள். களிமண் மேலும் கீழுமாகப் புரண்டுவிட்டதால் அந்த இடத்தில் தண்ணீர் நிற்பதில்லை. அப்பா ஒவ்வொரு போகமும் அங்கேயும் நாற்று நடுகிறார். தூர் கட்டாமல் மஞ்சளடித்துப் போகிறது. தங்கை வயல் பக்கம் வருவதை விட்டுவிட்டாள்.